டிஸ்லெக்சியா மதிப்பீடு: யாரிடம் போவது, என்ன நடக்கும், அறிக்கையை எப்படிப் படிப்பது?

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். எட்டு வயது மகள் நன்றாகப் பேசுகிறாள், ஒருமுறை சொன்ன கதையை விவரம் விடாமல் திருப்பிச் சொல்கிறாள், ஆனால் வாசிக்கச் சொன்னால் அழுகிறாள். வகுப்பு ஆசிரியை இது டிஸ்லெக்சியாவாக, அதாவது சொற்களைச் சரியாகவும் சரளமாகவும் வாசிக்க விடாத கற்றல் குறைபாடாக, இருக்கலாம் என்கிறார். முறையான மதிப்பீட்டுக்கு யாரிடம் போவது, அங்கே என்ன செய்வார்கள் என்பது முதல் கேள்வி. அவளைப் பார்க்கப் பார்க்க உங்கள் பள்ளிக்காலமே நினைவுக்கு வருகிறது, முப்பத்தாறு வயதில் உங்களுக்கும் எடுத்துப் பார்ப்பதில் பயன் உண்டா என்பது இரண்டாவது. நான்கு வயதில் ஒரு மகன் இருப்பதாகவும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்த மதிப்பீடுகளைச் செய்வதுதான் என் வேலை. எனவே பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'டிஸ்லெக்சியா உண்டா, இல்லையா' என்ற ஒரு கேள்வியோடு மட்டும் போனால் ஒரு பெயரோடு மட்டும் திரும்பி வருவீர்கள். அவளுக்கு வாசிப்பு எந்த இடத்தில் தட்டுகிறது, அதற்கு எதை, எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற கேள்வியோடு போங்கள். நல்ல மதிப்பீடு அதற்குப் பதில் சொல்லும், சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் மகளைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு 1896-இல் வெளிவந்த ஒரு குறிப்பு நினைவுக்கு வந்தது. பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியது அது. பையன் கணக்கில் கெட்டி, விளையாட்டிலும் சோடை இல்லை. ஆனால் ஏழு வயதிலிருந்து ஆசிரியர்கள் விடாமல் சொல்லிக்கொடுத்தும் எளிய சொற்களை வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் புத்திசாலி என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். அறிவுக்கும் வாசிப்புக்கும் நடுவில் விழும் இந்த இடைவெளியைத்தான் நீங்களும் வீட்டில் பார்க்கிறீர்கள்.

அன்றைக்கு இதைப் பார்வை சம்பந்தப்பட்ட கோளாறு என்று நினைத்தார்கள். பிரச்சினையின் வேர் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது என்பது பின்னால் வந்த ஆராய்ச்சிகளில் தெளிவானது. ஒரு சொல்லைச் சிறு சிறு ஒலிகளாகப் பிரித்துக் கேட்பது, அந்த ஒலிகளை எழுத்துகளோடு கோப்பது, கோத்ததை யோசிக்காமலே சட்டென்று எடுப்பது, இவைதான் இவர்களுக்குக் கடினம். எழுத்துகள் தலைகீழாகத் தெரியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் எழுத்தைத் திருப்பிப் போடுவது ஏழு வயது வரை எல்லாப் பிள்ளைகளிடமும் பார்க்கக்கூடியது. அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

இதைக் காட்டும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இல்லை. மூளைப் பட ஆய்வுகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒரு குழுவாக எடுத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெரிகிறது. ஆனால் தனி ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. முடிவுக்கு வர மூன்று சேர வேண்டும்: நேருக்கு நேர் உட்கார்ந்து செய்யும் சோதனைகள், குழந்தை வளர்ந்த வரலாறு, பள்ளியில் நடந்தது பற்றிய பதிவுகள்.

இதைச் செய்யத் தகுதி உள்ளவர்கள் பெரும்பாலும் கல்வி உளவியலாளர்கள் அல்லது மருத்துவ உளவியலாளர்கள். சில நாடுகளில் இதற்கென்றே தனிப் பயிற்சியும் சான்றும் பெற்ற சிறப்பு ஆசிரியர்களும் செய்யலாம். குழந்தை மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் வேறு உடல் காரணம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்ய உதவுவார்கள், ஆனால் வாசிப்புச் சோதனைகளை வழக்கமாக அவர்கள் செய்வதில்லை. பேச்சு தாமதமாக வந்த குழந்தை என்றால் பேச்சு-மொழிச் சிகிச்சையாளர் ஒருவரும் பார்ப்பது நல்லது.

ஆனால் தட்ட வேண்டிய முதல் கதவு பள்ளிதான். பல இடங்களில் பள்ளி வழியாகவே கட்டணம் இல்லாமல் மதிப்பீடு கிடைக்க வழி இருக்கிறது. வாயால் கேட்டதை மறந்துவிடுவார்கள், அதனால் தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். காத்திருப்பு நீளும் என்று தெரிந்தால் தனியாரிடம் போவதா என்று அப்புறம் யோசிக்கலாம். தனியாரிடம் போவதென்றால், பணம் கட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த அறிக்கையை நாளை யாரிடம் கொடுக்கப்போகிறீர்களோ அவர்களிடம், அதாவது பள்ளியிடமும் தேர்வு நடத்தும் வாரியத்திடமும், யார் கையெழுத்திட்ட அறிக்கையை ஏற்பீர்கள், எத்தனை ஆண்டுக்குள் எடுத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட சோதனைகள் ஏதாவது கட்டாயமா என்று கேட்டுவிடுங்கள். அருமையாக எழுதிய அறிக்கைகள்கூட இந்த ஒரு காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்படுவதைப் பார்க்கிறேன். அந்தக் குழந்தை எல்லாச் சோதனைகளுக்கும் மறுபடி உட்கார வேண்டியிருக்கிறது.

மதிப்பிடுபவரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. என்னென்ன திறன்களைச் சோதிப்பீர்கள், எந்த மொழியில், ஒப்பிடப் பயன்படுத்தும் அளவீடுகள் எந்தப் பிள்ளைகளைச் சோதித்து உருவாக்கியவை, முடிந்த பிறகு உட்கார்ந்து விளக்குவீர்களா? கடைசிக் கேள்விக்கு 'அறிக்கையில் எல்லாம் இருக்கும்' என்று பதில் வந்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.

இன்னொன்று, ஸ்க்ரீனிங் வேறு, மதிப்பீடு வேறு. இணையத்தில் கிடைக்கும் வினாப்பட்டியலும் பள்ளியில் கணினியில் செய்யும் அரைமணி நேரச் சோதனையும் ஸ்க்ரீனிங். 'இந்தக் குழந்தையைக் கூர்ந்து பார்க்க வேண்டும்' என்று மட்டும்தான் அவற்றால் சொல்ல முடியும். பிரச்சினை இல்லாத பிள்ளையைச் சந்தேகப்படவும் செய்யும், பிரச்சினை உள்ளவரைத் தவறவிடவும் செய்யும். அதன் முடிவை வைத்து நிம்மதி அடையவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

போகும் முன் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். காதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்த குழந்தைக்கு, ஒலிகளைப் பிரித்தறிய வேண்டிய வயதில் அவை மங்கலாகக் கேட்டிருக்கலாம். பேசுவது கேட்கிறதே என்பது போதாது. பிறகு, பழைய நோட்டுப் புத்தகங்களையும் மதிப்பெண் அட்டைகளையும் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளையும் சேர்த்து வையுங்கள். பேச ஆரம்பித்த வயது, குடும்பத்தில் வேறு யாருக்கு இப்படி இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மதிப்பீடு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேடு டிஸ்லெக்சியாவைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்ற தலைப்பின்கீழ் வைக்கிறது. அதற்கெனத் தனியாக உதவி செய்த பிறகும் சிரமம் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. பார்வை, செவித்திறன், அறிவுத்திறன் குறைபாடு, சரியான கற்பித்தல் கிடைக்காதது, கற்பிக்கும் மொழி பழக்கமில்லாதது போன்றவை அந்தச் சிரமத்துக்குக் காரணமாக இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. ஆகவே இன்றே உதவியைத் தொடங்கி, என்ன செய்தோம், எவ்வளவு மாறியது என்று குறித்து வைத்தால் அந்தக் குறிப்பே மதிப்பீட்டுக்குச் சான்றாகும். குழந்தைக்கும் மாதங்கள் வீணாகாது. பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளில் கொடுக்கும் உதவி, பின்னால் அதே அளவு கொடுப்பதைவிட நன்றாகப் பலன் தருகிறது. 'கொஞ்சம் பொறுங்கள், தானே வந்துவிடும்' என்ற அறிவுரையை நான் ஒருபோதும் சொல்வதில்லை.

சரி, அந்த நாளில் என்ன நடக்கும்? சோதனை நேரம் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு மணி நேரம். சிறு பிள்ளைகளுக்கு இடைவெளி விட்டோ, இரண்டு நாளாகப் பிரித்தோ செய்வோம். முதலில் பெற்றோரோடு நீண்ட பேச்சு. பிறகு பொதுவான சிந்தனைத் திறனுக்கான சோதனை. பல இடங்களில் ஆறு முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள்: கட்டைகளை வைத்து வடிவம் அமைப்பது, சொற்களுக்குப் பொருள் சொல்வது, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது. பல குழந்தைகளுக்கு இந்தப் பகுதி பிடிக்கும். நாள் முழுக்க வாசிப்பில் தோற்றுப்போகும் பிள்ளை, வடிவங்களை மளமளவென்று அமைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பதைப் பெற்றோரும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அடுத்தது வாசிப்பு. எளிதில் தொடங்கிக் கடினமாகிக்கொண்டே போகும் தனிச் சொற்களின் பட்டியல் ஒன்று. இடத்தை வைத்து ஊகிக்க முடியாமல் இருக்கத்தான் சொற்களை வாக்கியத்திலிருந்து பிரித்துக் கொடுக்கிறோம். அப்புறம் பொருளே இல்லாத சொற்கள், 'தபிலு', 'மொசகை' என்பது மாதிரி. இதைக் கேட்டுப் பெற்றோர் திகைப்பார்கள், ஆனால் மொத்த மதிப்பீட்டில் நான் மிகவும் கவனிப்பது இந்தப் பகுதியைத்தான். தெரிந்த சொல்லை முழு உருவமாக மனப்பாடம் செய்து வாசித்துவிடலாம். இதுவரை கண்ணில் படாத ஒரு சொல்லை வாசிக்க எழுத்துகளை ஒலியாக்கிக் கோத்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. கெட்டிக்காரக் குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் மறைத்து வந்த சிரமம் இங்கே தெரிந்துவிடும். இரண்டு வகைப் பட்டியலையும் நேரம் குறித்தும் வாசிக்கச் சொல்வோம். ஆங்கிலத்தில் பரவலாகப் பயன்படும் ஒரு சோதனையில் வெறும் 45 வினாடிதான் கொடுப்பார்கள். தவறில்லாமல் ஆனால் மிக மெதுவாக வாசிப்பவரை நேரம் இல்லாத சோதனை தவறவிட்டுவிடும்.

ஒலிகளோடு விளையாடும் பகுதியில் எழுத்தே இருக்காது, எல்லாம் காதால் கேட்டு வாயால் சொல்வது. 'கல்' என்பதன் முதல் ஒலியை எடுத்துவிட்டு 'ப்' போட்டால் என்ன வரும் என்பது மாதிரி. பிறகு நிறங்களையோ எண்களையோ வரிசை வரிசையாக அச்சிட்ட பக்கத்தைக் காட்டி எவ்வளவு வேகமாகப் பெயர் சொல்கிறார் என்று பார்ப்போம். மார்த்தா டென்க்லா, ரீட்டா ரூடல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1970-களில் இந்தச் சோதனையை வடிவமைத்தார்கள். வாசிப்பின் வேகத்தை முன்கூட்டிச் சொல்வதில் இது இன்றும் கைகொடுக்கிறது. பத்தி வாசித்துப் பொருள் சொல்வது, சொல்வதை எழுதுவது, சொந்தமாகச் சில வரிகள் எழுதுவது ஆகியவையும் இருக்கும்.

மதிப்பெண் மட்டும் குறித்துக்கொள்வது மதிப்பீடு ஆகாது. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு குழந்தைகளில் ஒருத்தி முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பாள், இன்னொருத்தி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக் கடைசிக்கு வரும்போது முதலில் சொன்னதை மறந்திருப்பாள். இருவருக்கும் தேவை வேறு வேறு. தவறு எந்த வகை, தானே திருத்திக்கொள்கிறாளா, எத்தனை நிமிடத்தில் களைக்கிறாள், தெரியாதபோது பேச்சை மாற்றுகிறாளா என்பதையெல்லாம் எழுதிவைப்பவரே நல்ல மதிப்பீட்டாளர்.

இரண்டு மொழிகளில் படிக்கும் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளைப் பேசும் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் வாசிக்கும்போது மூளையின் செயல்பாட்டைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். மூன்று மொழியினருக்கும் மூளையின் இடப்பக்கத்தில் ஒரே பகுதியில்தான் செயல்பாடு குறைந்திருந்தது. ஆனால் இத்தாலியர்கள் மற்ற இருவரைவிடச் சரியாக வாசித்தார்கள். இத்தாலியத்தில் எழுத்தும் ஒலியும் ஒழுங்காகப் பொருந்திவரும், ஆங்கிலத்தில் அப்படி இல்லை. தமிழும் வாசிப்பைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒழுங்கான எழுத்துமுறைதான். எனவே தமிழ் வாசிப்பில் தவறுகள் குறைவாக இருக்கலாம், வேகத்தில்தான் சிரமம் தெரியும். 'தமிழை நன்றாகத்தானே படிக்கிறாள், அப்படியானால் டிஸ்லெக்சியா இருக்காது' என்று யாராவது சொன்னால் ஒரு பக்கத்தை வாசிக்க எவ்வளவு நேரமாகிறது என்று கேளுங்கள். 'கொ', 'கோ' போல மெய்யெழுத்துக்கு இருபுறமும் குறி வரும் எழுத்துகளில் தயங்குகிறாளா என்றும் பாருங்கள். ண-ன-ந, ல-ழ-ள, ர-ற மாற்றி எழுதுவதை மட்டும் வைத்து எதுவும் சொல்லாதீர்கள், அது எந்தச் சிரமமும் இல்லாதவர்களும் செய்வது. முடிந்தால் இரண்டு மொழியிலும் சோதிக்க வேண்டும். ஒரு மொழியில் தரப்படுத்திய சோதனை இல்லையென்றால், வகுப்புத் தோழர்களோடு ஒப்பிட்டால் அந்த மொழியை எப்படி வாசிக்கிறாள் என்ற குறிப்பாவது அறிக்கையில் இருக்க வேண்டும்.

சிந்தனைத் திறன் சோதனையில் வரும் ஐக்யூ எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். ஐக்யூவுக்கும் வாசிப்புக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால்தான் டிஸ்லெக்சியா என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. சாதாரண ஐக்யூ உள்ள எத்தனையோ குழந்தைகள் உதவி கிடைக்காமல் போனதற்கு அந்த விதியும் ஒரு காரணம். 2009-இல் பிரிட்டன் அரசுக்காக ஜிம் ரோஸ் அளித்த அறிக்கை, எல்லா அறிவுத்திறன் நிலைகளிலும் டிஸ்லெக்சியா உண்டு என்றும், இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் இல்லை என்று வெட்டிச் சொல்ல முடியாதபடி படிப்படியாகப் பரவி இருப்பது என்றும் தெளிவாகச் சொன்னது. இன்னும் பழைய விதியையே பிடித்துக்கொண்டு 'வித்தியாசம் போதவில்லை' என்று ஒருவர் திருப்பி அனுப்பினால் வேறொருவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

அறிக்கை கைக்கு வந்ததும் எண்கள் மிரட்டும். பெரும்பாலான சோதனைகளில் சராசரி 100. 85-க்கும் 115-க்கும் இடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பக்கத்திலேயே பெர்சன்டைல் என்று ஒரு எண் இருக்கும், அதைத் தேர்வு மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெர்சன்டைல் 9 என்றால் நூற்றுக்கு ஒன்பது வாங்கியதாகப் பொருள் இல்லை. அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் சுமார் ஒன்பது பேர் அந்த அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்பதே பொருள். எந்த எண்ணும் துல்லியம் கிடையாது, 82 என்றால் 77 முதல் 88 வரை என்பது மாதிரி ஓர் எல்லையும் கொடுத்திருப்பார்கள். மொத்தச் சராசரியில் கண்ணை நிறுத்தாதீர்கள். பேச்சுவழிச் சிந்தனையில் 120-ம் ஒலி சார்ந்த பகுதியில் 80-ம் வாங்கிய குழந்தைக்கு 'சராசரி 100' என்று போட்டுவிட்டால் அவளைப் பற்றி எதுவுமே சொன்னதாகாது.

பிறகு நேராகப் பரிந்துரைப் பக்கத்துக்குப் போங்கள். 'கூடுதல் கவனம் தேவை, ஊக்கப்படுத்தவும்' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எந்த ஒலி-எழுத்துத் தொடர்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம், யார் செய்வது, எப்போது முன்னேற்றத்தை அளப்பது, தேர்வில் கூடுதல் நேரமா, கேள்வியை வாசித்துக் காட்டுபவரா, சொல்வதை எழுதுபவரா என்று தெளிவாக இருக்க வேண்டும். கற்பிக்கும் முறையைப் பற்றி ஆராய்ச்சி உலகில் பெரிய குழப்பம் இல்லை. ஒலிகளையும் எழுத்துகளையும் வரிசைப்படி, வெளிப்படையாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பது உதவுகிறது. 1930-களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்காமும் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவின் 2000-ஆம் ஆண்டு அறிக்கையும் ஒலிகளை முறையாகக் கற்பிப்பதைத்தான் ஆதரித்தது. வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். அவை பயன்தரும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009-இல் கூட்டாக அறிவித்தன. அந்தப் பணத்தை நல்ல சிறப்பு ஆசிரியருக்குக் கொடுங்கள்.

'டிஸ்லெக்சியா இல்லை' என்று முடிவு வரவும் வாய்ப்பிருக்கிறது. அதற்காக அவளுடைய அழுகை பொய்யாகிவிடாது. கவனக்குறைவுப் பிரச்சினையான ஏடிஹெச்டி, மொழி வளர்ச்சிச் சிரமம், பதற்றம், நடுவில் விட்டுப்போன பாடங்கள் என்று காரணம் வேறாக இருக்கலாம். சரளமாக வாசித்தும் பொருள் புரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு வகை உதவி வேண்டும். டிஸ்லெக்சியாவும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருப்பதும் அடிக்கடி நடப்பது. 'அப்படியானால் இது என்ன, அடுத்து யாரைப் பார்ப்பது' என்ற கேள்விக்குப் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 'உனக்குப் படிப்பது ஏன் கஷ்டமாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவரைப் பார்க்கப் போகிறோம், சில வேலைகள் சுலபமாக இருக்கும், சில கஷ்டமாக இருக்கும், பாஸ் ஃபெயில் எதுவும் கிடையாது' என்றால் போதும். முந்தின நாள் உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்காதீர்கள், நன்றாகத் தூங்கவிடுங்கள். கண்ணாடி அணிபவளாக இருந்தால் மறக்காமல் எடுத்துப்போங்கள். முடிவு வந்த பிறகு அவளிடமும் அதை அவள் வயதுக்கு ஏற்பச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாமல் மறைத்தால் பிள்ளைகள் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்கிறார்கள், அது பெரும்பாலும் 'முட்டாள்' என்பதாகத்தான் இருக்கிறது.

அந்த ஆசிரியை கவனித்துச் சொன்னது எனக்கு நிறைவாக இருந்தது. பெண் குழந்தைகள் பெரும்பாலும் தவறிப்போகிறார்கள். 1990-இல் அமெரிக்க மருத்துவர் சாலி ஷேவிட்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், பள்ளிகள் அடையாளம் கண்டவர்களில் ஆண் பிள்ளைகளே மிக அதிகம். அதே மாணவர்களை ஆய்வாளர்களே நேரடியாகச் சோதித்தபோது ஆண், பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. வகுப்பில் சத்தம் போடாமல் கஷ்டப்படுபவர்களை யாரும் அனுப்பிவைப்பதில்லை. உங்கள் பள்ளிக்காலத்திலும் அப்படி நடந்திருக்கலாம்.

இனி உங்கள் விஷயம். பெரியவர்களுக்கும் மதிப்பீடு செய்யலாம், வயது வரம்பு எதுவும் இல்லை. ஆனால் அது வேறு மாதிரி இருக்கும். முப்பது ஆண்டுகளில் நீங்கள் எத்தனையோ வழிகளைக் கண்டுபிடித்திருப்பீர்கள். நீண்ட மின்னஞ்சலைக் காலையிலேயே படித்துவிடுவது, படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்புவது, எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டிய இடத்தைத் தவிர்ப்பது. சாதாரண வாசிப்பில் தவறே வராமல்கூட இருக்கலாம். பொருளற்ற சொற்களும் எழுத்துப்பிழையும் வேகமும்தான் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும், மதிப்பிடுபவர் அங்கேதான் தேட வேண்டும். டிஎஸ்எம்-5 பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சிறுவயதுச் சிரமத்தைக் காட்டும் பதிவுகளையே தரப்படுத்திய சோதனைக்குப் பதிலாக ஏற்க இடம் தருகிறது. எனவே பழைய மதிப்பெண் அட்டை வீட்டில் எங்காவது இருந்தால் தேடி எடுங்கள். உங்கள் அம்மாவோ அக்காவோ நினைவிலிருந்து சொல்வதும் உதவும்.

எடுக்க வேண்டுமா என்றால், எதற்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள். மேற்படிப்போ தொழில் தேர்வோ எழுதப்போகிறீர்கள், வேலையிடத்தில் மாற்றங்கள் கேட்கப்போகிறீர்கள் என்றால் முறையான அறிக்கை தேவை. வாசித்துக் காட்டும் மென்பொருள், கூட்டத்துக்கு முன்பே ஆவணங்கள், தேர்வில் கூடுதல் நேரம் எல்லாம் அதை வைத்துத்தான் கிடைக்கும். உங்களைப் புரிந்துகொள்வதற்காக மட்டும் என்றால், பெரியவர்களுக்கான ஸ்க்ரீனிங் வினாப்பட்டியலும் தெரிந்த ஒருவரோடு ஒரு நீண்ட பேச்சும் போதுமானதாக இருக்கலாம். பெரியவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் வழிகள் குறைவு என்பதையும் கணக்கில் வையுங்கள். முடிவு தெரிந்ததும் நிம்மதியோடு துக்கமும் கோபமும் சேர்ந்து வரும், அதற்கு நேரம் கொடுங்கள். யாரிடம் சொல்வது, வேலையிடத்தில் சொல்வதா வேண்டாமா என்பது முழுக்க உங்கள் முடிவு.

வரிசை என்று பார்த்தால் மகளுடையதை முதலில் செய்யுங்கள். உங்கள் சந்தேகத்தை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள், குடும்ப வரலாறு என்பதால் அது அவளுடைய மதிப்பீட்டுக்கு முக்கியமான தகவல்.

கடைசியாக மகன். பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ டிஸ்லெக்சியா இருக்கும் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரியாக 45 சதவீதம் பேருக்கு அது வந்திருக்கிறது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள். நான்கு வயதில் முறையான மதிப்பீடு தேவையில்லை. காதுப் பரிசோதனை செய்யுங்கள். ஒரே மாதிரி முடியும் சொற்களைச் சொல்லி விளையாடுங்கள், சொல்லின் முதல் ஒலி என்ன என்று கேட்டு விளையாடுங்கள், தினமும் படித்துக் காட்டுங்கள். பேச்சு தாமதமாக இருக்கிறதா, தெரிந்த பொருளின் பெயர் அடிக்கடி நாக்கு நுனியில் நின்றுவிடுகிறதா, தன் பெயரில் உள்ள எழுத்துகள் ஐந்து வயதிலும் பிடிபடவில்லையா என்று பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போதே அக்காவைப் பற்றி ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். முதல் ஆண்டு முடிவில் எழுத்தொலிகள் எவ்வளவு தெரிகின்றன என்று ஒரு ஸ்க்ரீனிங் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதில் தடுமாறினால், இந்த முறை எட்டு வயது வரை காத்திருக்காமல் அப்போதே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.